கல்லடி வெக்கைக்கு வாட்டர் கூலிங் தேவைப்படுமா?

கேள்வி, 2024 மே 10, களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி

அண்ணா, என்னட்ட இருக்கிற கணினியில் ரைசன் 7 5800எக்ஸ் சீபியூ, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்ட். கேம் தொடங்கி அரை மணித்தியாலத்தில் சீபியூ 88, 90 பாகைக்குப் போகுது. அப்புறம் படம் விட்டு விட்டு ஓடுது. கூட விளையாடுற எல்லாரும் 240 லிக்விட் கூலர் போடு, பிரச்சினை முடியும் என்கிறாங்க. 28,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கன். வாங்கலாமா?

2024 மே 11

வேண்டாம், தம்பி. காசைக் கையில் வைத்திருங்கள். (மற்றவர்களுக்கு: 240 லிக்விட் கூலர் என்பது பம்ப், குழாய், 240 மில்லிமீற்றர் ரேடியேற்றர் சேர்ந்த தண்ணீர்க் கூலர். சூடான தண்ணீரை ரேடியேற்றரின் தகடுகளில் ஃபான் ஆற்றும்.)

என்னிடமும் அதே சிப்தான். பெட்டியில் 105 வாட் என்று இருக்கும், ஆனால் எல்லாக் கோரும் (சிப்புக்குள் கணக்குச் செய்கிற பகுதிகள்) ஓடும்போது 142 வாட் வரை இழுக்கும். எட்டுக் கோரும் ஒரே சின்னச் சிலிக்கன் துண்டில் நெருங்கி இருப்பதால் சூடு ஒரு புள்ளியில் குவியும். 90 பாகை என்பது இந்தச் சிப்பைச் செய்த ஏஎம்டி நிறுவனம் வைத்த எல்லை. அதைத் தொட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கிற தடங்கல் அதுதான். எரிந்துபோகாது, பயப்படாதீர்கள்.

இந்தச் சிப்புக்குப் பெட்டியோடு கூலர் வருவதில்லை. அப்படியென்றால் கடையில் ஏதோ ஒன்றைப் பூட்டித் தந்திருக்கிறார்கள். அது என்ன என்று படம் அனுப்புங்கள். கேசிங்கின் (எல்லாம் பூட்டியிருக்கிற கூட்டின்) முன்பக்கமும் படத்தில் தெரிய வேண்டும்.

2024 மே 12

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். இன்று ஞாயிறு, வீட்டில்தான் நின்றேன், அளந்தே பார்த்தேன்.

காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ, அறையின் சூட்டுக்குக் கீழே சீபியூவைக் கொண்டுபோக முடியாது. இரண்டுமே சூட்டைக் கடைசியில் அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன. வெளிநாட்டு வீடியோக்களில் 65 பாகை என்று காட்டுவதை 20, 21 பாகை அறையில் எடுத்திருப்பார்கள். அதே கூலரை 33 பாகை அறையில் வைத்தால் 77, 78 வரும். கூலரில் ஒரு பழுதும் இருக்காது. நம் ஊர் வெக்கை அந்தக் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற என் அறை பத்தடிக்குப் பத்தடி, மேலே சீற் கூரை. கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. மீன்தொட்டியில் இருந்த வெப்பமானியைக் கழற்றிக் கழுவி, மேசை விளிம்பில் நூலில் தொங்கவிட்டேன். பின்னேரம் 2 மணிக்கு 32 பாகை. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு இரண்டு மணித்தியாலம் விளையாடினேன். 4 மணிக்கு வெப்பமானி 36 காட்டியது. சீபியூ 71இல் இருந்து 75க்கு வந்திருந்தது. அறை நாலு பாகை ஏற, சீபியூவும் அதே நாலு பாகை ஏறியது.

சுவர் பிளக்கில் பூட்டுகிற மீட்டர் மொனிற்றரையும் சேர்த்து 380 வாட் என்றது. பழைய 100 வாட் குண்டு பல்புகள் கிட்டத்தட்ட நாலை அந்தச் சின்ன அறையில் எரியவிட்ட மாதிரி. கூலரை மாற்றினாலும் இந்த 380 வாட்டில் ஒன்றும் குறையாது.

அப்புறம் ஜன்னலைத் திறந்து, மேசை ஃபானை வாசலில் வைத்து வெளிப்பக்கமாக ஊதவிட்டேன். அரை மணித்தியாலத்தில் அறை 33, சீபியூ 72. ஒரு சதம் செலவில்லை.

2024 மே 13

தம்பியின் படம் வந்தது. 92 மில்லிமீற்றர் ஃபான் ஒன்று பூட்டிய ஒற்றைக் கோபுரக் கூலர், அதாவது நிமிர்ந்து நிற்கிற தகட்டு அடுக்கு ஒன்றுதான். 142 வாட் இழுக்கிற சிப்புக்கு அது போதாது. அதைவிட மோசம், கேசிங்கின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று உள்ளே வர ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான் இருக்கிறது. பின்பக்கம் அலுமாரியோடு ஒட்டியிருக்கிறது.

கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை அதே நேரம் விளையாடிப் பாருங்கள். சூடு ஐந்து பாகைக்கு மேல் இறங்கினால் குற்றம் கேசிங்கில்.

2024 மே 14

89இல் இருந்து 81க்கு இறங்கிவிட்டதாம். எட்டுப் பாகை! தகட்டைக் கழற்றியதற்கு மட்டும். தம்பி, அந்தக் கேசிங்குக்குள் 240 ரேடியேற்றரைப் பூட்டியிருந்தால் அதுவும் அதே அடைபட்ட காற்றைத்தான் குடித்திருக்கும்.

ஆனால் தகட்டைத் திறந்தபடியே விடாதீர்கள். பல்லி ஏறும், எறும்பு ஏறும். பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடந்த இயந்திரம் ஒன்றை நான் துப்புரவாக்கியிருக்கிறேன். அந்த மணம் ஒரு கிழமை போகவில்லை.

2024 மே 25

என் முதல் பதிலைத் திரும்பப் பெற வேண்டுமோ என்று யோசிக்கிறேன்.

ஆரையம்பதி மச்சான் வைத்திருக்கிற 240 லிக்விட் கூலரை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டேன், தந்தார். என் இரட்டைக் கோபுரக் கூலரைக் கழற்றி, சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசுகிற பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாகப் பூசி, இரண்டையும் ஒரே கேசிங்கில் மாறி மாறிப் பூட்டிப் பார்த்தேன். எல்லாக் கோரும் முழு வேகம், 142 வாட், பத்து நிமிடம். காற்றுக் கூலரில் 83. தண்ணீர்க் கூலரில் 71.

பன்னிரண்டு பாகை வித்தியாசம் சின்னதில்லை. மச்சானுக்குச் சரியான சந்தோசம். தம்பிக்கு நான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று மனதுக்குள் ஒரு குத்தல்.

2024 மே 26

சோதனைதான் பிழை. பத்து நிமிடத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

இன்று ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். அறை 32க்கும் 33க்கும் இடையில் நின்றது. காற்றுக் கூலர் பத்தாவது நிமிடத்தில் 83, அறுபதாவது நிமிடத்தில் 84. தண்ணீர்க் கூலர் பத்தாவது நிமிடத்தில் 71, இருபதாவது நிமிடத்தில் 76, நாற்பதில் 79, அறுபதில் 80. அதற்கு மேல் ஏறவில்லை.

ஏன் இப்படி? ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4,180 யூல் வேண்டும். செம்புக்கு 390 யூல் அளவு போதும். தண்ணீர் சூட்டை வாங்கி வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். அது நிரம்பும் வரைக்கும் சீபியூ குளிர்ச்சியாகத் தெரியும். நிரம்பிய பிறகு ரேடியேற்றர் எவ்வளவு வேகமாக அறைக் காற்றுக்குக் கொடுக்கிறதோ, அந்த வேகத்தில்தான் எல்லாம் நடக்கும். உலைப்பானை சூடாக நேரம் எடுக்கிறது, அதற்காகக் கொதிக்காமல் விடுகிறதா?

ஆகவே நேற்றைய பன்னிரண்டு பாகை, உண்மையில் நாலு பாகை. அதுவும் 142 வாட்டில். கேம் விளையாடும்போது இந்தச் சிப் 80, 90 வாட் அளவில்தான் நிற்கிறது. மூன்று மணித்தியாலம் விளையாடிப் பார்த்ததில் காற்றில் 72, தண்ணீரில் 70.

அந்த இரண்டு பாகைக்குத்தான் இரட்டிப்புக் காசு. என் இரட்டைக் கோபுரம் 14,500 ரூபாய். அந்த 240இன் விலை 28,000.

இன்னொன்றும் கவனித்தேன். தண்ணீர்க் கூலர் பூட்டியிருந்தபோது சீபியூவைச் சுற்றியிருந்த மதர்போர்ட் பாகங்களும் எம்.2 டிஸ்க்கும் முன்பைவிடச் சூடு. கோபுரக் கூலரின் ஃபான் ஊதுகிற காற்று அவற்றையும் தடவிக்கொண்டு போகும். பம்ப் மட்டும் மேலே உட்கார்ந்திருந்தால் அந்தக் காற்று அங்கே இல்லை.

2024 மே 27

விஜிஏ (கிராஃபிக்ஸ் கார்ட்) பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்று தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. 3060 இழுப்பது 170 வாட். கேம் நேரத்தில் சீபியூவைவிட இரண்டு மடங்கு அளவு. கடையில் வாங்குகிற சீபியூ லிக்விட் கூலர் இதைத் தொடவே தொடாது. ரேடியேற்றரை முன்பக்கம் பூட்டினால் சூடான காற்றுத்தான் விஜிஏக்குப் போய்ச் சேரும். விஜிஏயையும் தண்ணீரில் குளிர்விக்க வேண்டுமென்றால் தனியாக பம்ப், தொட்டி, குழாய், விஜிஏக்கு அளவான பிளாக் என்று கட்ட வேண்டும். வருசத்துக்கு ஒருக்கால் திரவத்தை இறக்கி மாற்ற வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் கலந்து பூட்டினால் உள்ளே அரிப்புத் தொடங்கும். ஒரு பொருத்தி உடைந்தால் மட்டக்களப்பில் வாங்க இடமில்லை. கொழும்புக்கு இரவு பஸ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பார்சல் வரும்வரை இயந்திரம் சும்மா கிடக்கும். 3060க்கு அந்தப் பாடு வேண்டவே வேண்டாம்.

2024 ஜூன் 2

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு அண்ணன் கேட்டது: லிக்விட் கூலர் போட்டு ஒரு வருசம், காலையில் இயந்திரத்தைப் போட்டதும் கொளகொள என்று சத்தம், பழுதாகப் போகிறதா?

அண்ணே, ரேடியேற்றரை எங்கே பூட்டியிருக்கிறீங்க என்று பாருங்க. அந்த மூடிய வட்டத்துக்குள் எப்படியும் கொஞ்சம் காற்று இருக்கும். காற்று உயரமான இடத்தைத் தேடிப் போகும். பம்ப்தான் உயரமான இடமென்றால் காற்று அங்கே சேரும், பம்ப் வெறும் காற்றைக் கடைந்து சீக்கிரம் தேயும். ரேடியேற்றரின் ஒரு முனையாவது பம்ப்புக்கு மேலே இருக்க வேண்டும். கேசிங்கின் மேல்பக்கம் பூட்டுவது எல்லாவற்றிலும் நல்லது. முன்பக்கம்தான் வழியென்றால் குழாய்கள் கீழே வருகிற மாதிரி பூட்டுங்க.

பம்ப் வயரை எந்த முனையில் குத்தியிருக்கிறீங்க என்றும் பாருங்க. சாதாரண ஃபான் முனையில் குத்தினால் சூடு குறைந்த நேரத்தில் மதர்போர்ட் வேகத்தைக் குறைத்துவிடும். கூலரோடு வந்த கையேட்டில் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், பயோஸில் (மதர்போர்ட்டின் அமைப்புத் திரையில்) அந்த முனையை முழு வேகத்தில் நிறுத்தி வையுங்க.

2024 ஜூன் 4

அக்கரைப்பற்று அண்ணனுக்குச் சத்தம் நின்றுவிட்டது. குழாய் மேலேதான் இருந்திருக்கிறது. திருப்பிப் பூட்டினாராம்.

2024 ஜூன் 15

காற்றுக் கூலர் பழைய காலத்துச் சாமான், தண்ணீர்தான் புதிய தொழில்நுட்பம் என்று மச்சான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை ஒருக்கால் விளக்கமாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

கோபுரக் கூலரின் அடியில் இருந்து வளைந்து மேலே போகிற செம்புக் குழாய்களைப் பாருங்கள். என்னுடையதில் ஆறு. அவை வெறும் செம்புக் கம்பி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உள்ளே பொந்து மாதிரி வெறுமை. அதற்குள் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் 100 பாகை வரை காத்திருக்காது, மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். சீபியூவின் பக்கம் ஆவியாகி, தகடுகள் இருக்கிற குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகி, குழாயின் உள்சுவரில் இருக்கிற நுண்துளைப் படை வழியாகத் திரி எண்ணெயை இழுப்பது போல ஊறித் திரும்பி வரும். பம்ப் இல்லை, ரப்பர் இல்லை, கசிவதற்கு மூட்டும் இல்லை. அதுவும் தண்ணீரால் குளிர்விக்கிற கூலர்தான், மச்சான்!

ஃபான் பழுதானால் ஃபானை மட்டும் மாற்றலாம். செம்பும் தகடும் அப்படியே இருக்கும்.

2024 ஜூலை 21

கச்சான் காற்று பேயாய் வீசுகிறது. பகலில் ஜன்னலைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி. இந்த மாதங்களில் பொழுது சாய்ந்த பிறகு விளையாடுவதுதான் நல்லது.

பக்கத்து வளவில் இருக்கிறவர் செத்துப்போன லிக்விட் கூலர் ஒன்றைத் தந்தார். ஆறு வருசம் பழையது. எறிவதற்கு முன் பிரித்துப் பார்ப்போம் என்று திண்ணையில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தேன்.

ரேடியேற்றரின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பூப் பூத்திருந்தது, ஈரச் சுவரில் உப்புப் பூக்கிற மாதிரி. நகத்தால் சுரண்டினால் தூளாகக் கொட்டியது. ஓரத்துத் தகடுகள் விரல் பட்டதும் நொறுங்கின. ஆணித் தலைகள் எல்லாம் துரு, இரண்டைத் துளைத்துத்தான் எடுத்தேன். குழாயை வெட்டி உள்ளே இருந்ததை வடித்தேன். ஒரு தேநீர்க் கோப்பை முக்கால்வாசிகூட நிரம்பவில்லை. இளம் மஞ்சள் நிறம், அடியில் பொடி. பம்ப்பைத் திறந்தபோது செம்புத் தட்டின் மயிரிழை வரிகளுக்கு இடையில் கூழ் மாதிரி ஒன்று அடைத்திருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்தும் போகவில்லை.

கடற்காற்று இதைக் கொன்றுவிட்டது. கல்லடி, நாவலடி பக்கம் இருக்கிறவர்கள் தண்ணீர்க் கூலர் வாங்குமுன் இதை நினைக்க வேண்டும்.

அந்தத் திரவத்தில் அநேகமாகக் கிளைக்கோல் கலந்திருக்கும், சில வகை நஞ்சு. பிள்ளைகளும் பூனையும் அண்டாத இடத்தில் மூடி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பாருங்கள்.

2024 ஜூலை 23

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. கடற்காற்று கொன்றது என்று எழுதினேன். வெள்ளைப் பூவைக் கண்ட அதிர்ச்சியில் எழுதிவிட்டேன்.

உப்பு வெளியே இருந்த தகட்டையும் ஆணியையும்தான் தின்றிருக்கிறது. உள்ளே போகவில்லை. பம்ப் நின்றதற்குக் காரணம் அந்தக் கூழும் திரவம் குறைந்ததும். மூடிய குழாய் என்றாலும் ரப்பரின் ஊடாக வருசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி வெளியேறும். சூடு கூடினால் அதுவும் வேகமாகும். இந்த வகைக் கூலர்களுக்கு ஐந்து, ஆறு வருசம்தான் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன. இதுவும் ஆறு வருசம் ஓடியிருக்கிறது. அதன் ஆயுளை அது வாழ்ந்திருக்கிறது என்று சொல்வதுதான் நியாயம்.

உப்பு என் கோபுரக் கூலரையும் விடாது. இன்று கழற்றிப் பார்த்தேன், ஃபான் பூட்டும் கம்பிகளில் துருப் புள்ளிகள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். தூசி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், உப்பு அங்கேதான் குடியிருக்கும்.

2024 ஜூலை 28

பயோஸில் ஈகோ மோட் 65 வாட் (சிப் இழுக்கிற வாட்டைக் குறைக்கிற அமைப்பு) போட்டுப் பார்த்தேன். பெட்டியில் இருக்கிற 105 வாட் 65 ஆக, 142 வாட் எல்லை 88க்கு இறங்குகிறது. எல்லாக் கோரும் ஓடும்போது 84 இருந்தது இப்போது 67. கேமில் 72 இருந்தது 69. படம் ஓடுகிற வேகத்தில் என் கண்ணுக்கு ஒன்றும் குறையவில்லை. கூலரையே மாற்றாமல் பதினேழு பாகை! இதை மே மாதமே முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

2024 செப்டம்பர் 8

வாட்டர் கூலிங் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். கல்முனையில் கலியாண வீடியோ எடுக்கிற நண்பரின் கதையை எழுதினால் விளங்கும்.

அவரிடம் இருப்பது இன்டெல் ஐ9 13900கே சிப். அது 253 வாட் வரை இழுக்கும். சிப்பின் எல்லை 100 பாகை. ஒரு கலியாண வீட்டுக் காணொளியை ஏற்றுமதி செய்யப் போட்டால் எல்லாக் கோரும் மணித்தியாலக் கணக்கில் ஓடும். இரட்டைக் கோபுரம் போட்டிருந்தார், ஒரு நிமிடத்துக்குள் 100ஐத் தொட்டு வேகம் விழுந்தது. கலியாண சீசனில் அவருக்கு நேரம்தான் காசு. 360 ரேடியேற்றர் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். கேசிங்கின் மேல்பக்கம் பூட்டினோம். இப்போது 91, 92இல் நிற்கிறது, வேகம் விழவில்லை. அவருக்கு அந்தக் காசு தகும்.

அதற்கு முன் பயோஸைப் புதுப்பித்தோம். 13, 14ஆம் தலைமுறைச் சிப்களின் மின்னழுத்தச் சிக்கலுக்கு இன்டெல் ஓகஸ்ட்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள்மென்பொருள்) திருத்தம் கொடுத்தது. அந்த வகைச் சிப் வைத்திருக்கிறவர்கள் கூலரைப் பற்றி யோசிக்குமுன் அதைச் செய்யுங்கள்.

2024 டிசம்பர் 3

நவம்பர் கடைசி வெள்ளத்தில் இயந்திரத்தைக் கட்டிலுக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு இருந்தோம். வளவுக்குள் கணுக்கால் வரை தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை.

இந்த ஈரத்தில் லிக்விட் கூலர்க் குழாயில் வியர்த்து மதர்போர்ட்டில் சொட்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொட்டாது. வியர்ப்பதற்குக் குழாய் அறைக் காற்றைவிடக் குளிராக வேண்டும், இந்தக் கூலர்களில் அது நடக்காது. ஐஸ்பெட்டிக்குள் குழாயை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: அப்படிச் செய்தால் வியர்க்கும், சொட்டும், மதர்போர்ட் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

2025 பெப்ரவரி 10

நேற்று நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்த நேரம் பம்ப் நின்றால் சூடு தேங்கிச் சிப் போய்விடாதா என்று ஆரையம்பதியில் இருந்து போன் வந்தது. போகாது மச்சான். பம்ப் நிற்கிற அதே நொடியில் சிப்புக்கும் கரண்ட் இல்லை, சூடு உண்டாக வழியில்லை. எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்குக்குத்தான் பயப்பட வேண்டும். அதற்கு யூபிஎஸ் (கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓட்டுகிற பெட்டி) வாங்குங்கள். 650 விஏ என்று முன்னால் எழுதியிருப்பதை வாட் என்று நினைக்க வேண்டாம், பின்பக்க ஸ்டிக்கரில் வாட் தனியாக இருக்கும், அது குறைவாகத்தான் இருக்கும்.

களுவாஞ்சிக்குடித் தம்பியும் நேற்று இரவு கரண்ட் வந்த பிறகு எழுதியிருந்தார். முன்பக்கம் வலை போட்ட பழைய கேசிங் ஒன்றை நண்பரிடம் 6,000க்கு வாங்கி, 14,500க்கு இரட்டைக் கோபுரம் பூட்டியிருக்கிறார். கோபுரத்தின் உயரம் 155 மில்லிமீற்றர், கேசிங்கில் 160 வரை இடம், பூட்டுவதற்கு முன் அடிமட்டத்தால் அளந்து படமும் அனுப்பியிருந்தார். ஈகோ மோட், ஜன்னல் திறந்தபடி, மூன்று மணித்தியாலம் விளையாடி 68 பாகை. மிச்சம் 7,500 ரூபாய் கையில் இருக்கிறதாம், அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து யூபிஎஸ் வாங்கப் போகிறாராம்.

தம்பி, உங்கள் மீட்டரில் கேம் நேரத்து வாட் எவ்வளவு என்று அளந்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த அளவு வாங்கலாம் என்று சொல்கிறேன்.